அபரபக்கத் தசமிக்கு ஒரு பிளேன்ரீ

சீனிக்கட்டி இரண்டு, இஞ்சித் துண்டு ஒன்று, பால் கிடையாது. கதிர்காமநாதன் தேநீரை ஆற்றி, கோப்பையின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்து, சுவரில் கடைசி வரிசையில் தொங்கும் படத்துக்குக் கீழே தட்டில் வைக்கிறார். "இந்தா, ஆற முதல் குடி" என்கிறார். படத்தில் இருப்பவர் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிறார். காலை பத்து மணி. டோர்ட்முண்ட் ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில் உள்ள 'பப்பகாய்' மதுச்சாலையில், இந்த நேரத்தில் அவரையும் படங்களையும் விட்டால் வேறு ஆளில்லை.

பப்பகாய் என்றால் கிளி. ஆண்களை விரும்பும் ஆண்கள் ஐம்பது வருடங்களாகக் கூடும் இடம் இது. முதலாளி வோல்கருக்கு எழுபத்துநான்கு வயது. கதிர்காமநாதனுக்கு அறுபத்துநான்கு. இங்கே நிலம் துடைப்பது, கண்ணாடிக் குவளை கழுவுவது, பியர்க் குழாய்க்குள் தண்ணீர் விட்டு அலசுவது எல்லாம் முப்பத்துநான்கு வருடமாக அவர் பொறுப்பு. வாடிக்கையாளர்களுக்கு அவர் 'காதி'. இந்த நாட்டில் அது பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் செல்லப்பெயர். முதலில் கோபப்பட்டார், பிறகு பழகிவிட்டது, இப்போது முழுப்பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் காவல்துறையோ என்று திரும்பிப் பார்க்கிறார்.

அவரிடம் துணி இரண்டு உண்டு. நீலத்துணி மேசைகளுக்கு. வெள்ளைத்துணி சுவரில் இருக்கும் இருபத்துமூன்று படங்களுக்கு மட்டும். வோல்கரே ஒருநாள் வெள்ளைத்துணியால் சிந்திய பியரைத் துடைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார். படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கே வந்துபோனவர்கள், இன்றைக்கு இல்லாதவர்கள். ஒவ்வொருவருக்கும் திவசம் வருகிற நாளில், அவரவர் குடித்ததைச் சின்னக் குவளையில் ஊற்றி வைப்பது காதியின் வழக்கம். ஹைன்ட்ஸுக்கு விஸ்கி. தபால்காரர் றூடிக்கு அப்பிள் ஜூஸ், அவர் குடியை நிறுத்தி ஒன்பது வருடம் கழித்துச் செத்தவர்.

இதில் ஒரு கூத்து உண்டு. ஹைன்ட்ஸ் இறந்தது பெப்ரவரி நான்காம் திகதி. காதி ஒரு வருடம் ஜனவரியில் குவளை வைத்தார், அடுத்த வருடம் பெப்ரவரி நடுவில் வைத்தார். பாவம், துக்கத்தில் நாள் குழம்புகிறது என்று வோல்கர் நினைத்து, பெரிய எழுத்தில் ஒரு நாட்காட்டி எழுதி ஒட்டினார். காதி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தமிழ்க்கடையில் சித்திரைக்குச் சித்திரை வாங்கும் பஞ்சாங்கத்தை விரித்து, "செத்தவைக்குத் திகதி இல்லை, திதிதான்" என்று ஜெர்மனில் விளக்க அவருக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அன்றிலிருந்து வோல்கர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், நம்முடைய காதி நிலவைப் பார்த்துத்தான் வேலை செய்வார் என்று.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது யன்னல்களில் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. வெளியே மணி அடிக்க வேண்டும். வோல்கர் கதவுத் துளையால் முகம் பார்த்துத்தான் திறப்பார். உள்ளே வருகிறவர்கள் கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டு, பொய்ப் பெயரோடு வருவார்கள். "ரெண்டாம் நாளே எனக்கு விளங்கீட்டுது, இது என்ன இடமெண்டு. விளங்கினாப்பிறகு விட்டிட்டுப் போகவும் மனம் வரேல்லை" என்பார். பிறகு அந்த எய்ட்ஸ் நோய் வந்த வருடங்கள். ஒரே குளிர்காலத்தில் சுவரில் ஏழு ஆணி அடித்தார். அதற்குப் பிறகுதான் கறுப்புக் கடதாசியைக் கிழித்தார்கள், வாசலில் வானவில் கொடி ஏறியது, பகலிலேயே வெளியே கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். இப்போது அந்தக் கதிரைகளில் ஆளில்லை. "ஆள் தேட இப்ப ஆர் பஸ் ஏறி வருவினம்? படுத்துக்கிடந்து ஃபோனிலை தட்டினாச் சரி" என்பார். கட்டடம் கைமாறிவிட்டது. இந்த மாத முடிவோடு பப்பகாய்க்குப் பூட்டு.

சனிக்கிழமைகளில் அவர் தமிழ்க்கடையில் தேவைக்கு மேல் நிற்பார். வாங்குவது இரண்டு முருங்கைக்காய்தான். ஆனால் வரிசையில் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நிற்பார். "என்ர மனுசனுக்குக் கத்தரிக்காய் கண்ணிலை காட்டக்கூடாது." "என்ர மனுசன் டொக்டரிட்டை ஒரு Termin எண்டாலும் நேரத்துக்குப் போகாது." கணவனைக் குறைசொல்லும் அந்தப் பேச்சு அவருக்கு அவ்வளவு இனிப்பு, அவ்வளவு பொறாமை. இப்படி ஊரறியக் குறைசொல்ல அவருக்கும் ஒரு ஆள் இருந்தது. ஒரு நாள்கூடச் சொல்ல முடிந்ததில்லை.

கடதாசித் தொப்பி போட்டுச் சிரிப்பவர்தான் அந்த ஆள். பெயர் நவரத்தினம். அகதி முகாமில் அடுத்தடுத்த கட்டில். பிறகு நாலு வருடம் ஒரே அறை. நவரத்தினம் மதுச்சாலைக்கு வந்து பிளேன்ரீ கேட்கிற பிறவி. வோல்கர் அவருக்காகவே ஒரு கேத்தில் வாங்கி வைத்தார். தொண்ணூற்றிரண்டில் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மொழிபெயர்க்க வந்தவர் ஊர்க்காரர்.

"நீர் இவருக்கு என்ன முறை?"

"ஒரு ரூமிலை இருக்கிறம், அண்ணை."

படிவத்தில் 'அறையில் கூட இருப்பவர்' என்று எழுதப்பட்டது. காதி இடது கையால் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அது பள்ளிக்கூடப் பழக்கம், பக்கத்துப் பெடியன் பார்த்து எழுதிவிடுவான் என்ற பயம். இன்றைக்கும் கடைச்சிட்டைகூட அப்படித்தான் எழுதுவார். அன்று பொத்தியது வேறு பயத்தில். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உறவுக்காரருக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். பீலெஃபெல்டிலிருந்து அக்கா கமலநாயகி வந்து உள்ளே போனார். காதி மூன்று நாள் கதவுக்கு வெளியே நடையில் நின்றார். மூன்றாம் நாள், ஐப்பசித் தேய்பிறை, அபரபக்கத் தசமி. கதவு திறந்து அக்கா அழுதுகொண்டு வந்தபோதுதான் அவருக்குத் தெரியும்.

"தம்பி, நீங்கள்தானே அவன்ர ரூமிலை இருந்தது? அவன்ர பெட்டியை அடுக்கித் தாறீங்களோ?" என்று அக்கா கேட்டார். அடுக்கிக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில், நோயின் பெயருக்குப் பதில் மாரடைப்பு என்று இருந்தது. ஒன்றுவிட்ட மைத்துனர்கள் வரை பெயர் இருந்தது. காதியின் பெயர் இல்லை.

கமலநாயகி அக்கா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோடைக்குக் கோடை ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு அவர் வருவார், காதியும் போவார். கூட்டத்தில் தேடிப்பிடித்து, மோதகத்தைக் கையில் திணித்து, "அவன் சின்னனிலை கிணத்துக்கை விழுந்த கதை சொன்னனானோ?" என்று தொடங்குவார். நூறு தரம் கேட்ட கதை. நவரத்தினத்தைப் பற்றித் தமிழில் பேச இந்த உலகத்தில் காதிக்கு இருப்பது அந்த ஒரு வாய்தான். அந்த வாயை இழக்கப் பயந்துதான் சுவரில் மற்றவர்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்க, அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை.

இன்று அந்த ஐப்பசித் தசமி. பதினொரு மணிக்கு நகர அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வருவதாக வோல்கர் சொல்லியிருந்தார். படங்களை எடுத்துப்போய், நகரத்தில் இப்படிப்பட்ட இடங்களின் வரலாறு என்று கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். வந்தவளின் பெயர் ஆரணி. தமிழ்ப் பெயர். முப்பது வயது இருக்கும், இங்கே பிறந்தவள்.

"அங்கிள், நீங்கள் தமிழோ?" என்று அவள் மலர்ந்தாள்.

"ஓம், பிள்ளை" என்றவர், உடனே நீலத்துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

அவள் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பின்பக்கம் இலக்கம் போட்டு, மெல்லிய தாளில் சுற்றினாள். வெள்ளைத்துணியைக் காதி அவளிடமே கொடுத்தார். கடைசிப் படத்துக்கு முன்னால் அவள் நின்றாள். தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைப் பார்த்தாள்.

"இவருக்குப் பேர் இல்லையோ?"

அவள் விரல் படத்துக்குக் கீழே வெறுமையான இடத்தைக் காட்டியது, தமிழ் தெரியாத வோல்கருக்கும் விளங்கியது. பின்னாலிருந்து வோல்கர், அந்தப் பெயரைக் காதி சொன்னால்தான் உண்டு, நான் சொல்லமாட்டேன் என்று முப்பது வருடத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். சொல்லிவிட்டுக் கீழ் அறைக்கு இறங்கிப் போய்விட்டார்.

ஆரணி ஒரு தாளை மேசையில் வைத்தாள். "அங்கிள், ஒளிக்காமல் சொல்லுறன். பேரும் நெருங்கின ஒரு ஆளின்ர கையெழுத்தும் இல்லாட்டி இந்தப் படத்தைச் சுவரிலை போட ஏலாது. பெட்டியிலை வைச்சு நிலவறையிலை பூட்டீடுவினம். எழுதினா ஆனியிலை எல்லாரும் பாப்பினம். பேப்பரிலையும் வரும். எங்கட ஆக்களும் பாப்பினம்." கொஞ்சம் நிறுத்தி, "என்ர அம்மாவும் ஊன்ட்றொப்புக்குத்தான் போறவா. நான் வேலையை வீட்டிலை கதைக்கிறேல்லை" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பப்பகாயில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பெட்டி, நிலவறை, பூட்டு. ஏற்கனவே ஒருமுறை அவனைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு நடையில் நின்றவர் அவர். இந்தப் பக்கம் கமலநாயகி அக்காவின் மோதகம். அடுத்த தேருக்கு அக்கா கூட்டத்தில் தன்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்புவதை இப்போதே பார்த்துவிட்டார்.

"அக்காவுக்கு எழுபத்தெட்டு வயசு, பிள்ளை" என்றார்.

"அவசரமில்லை அங்கிள். மாசக் கடைசிக்கிடையிலை சொன்னாச் சரி."

"இண்டைக்கு அவன்ர திவசம்."

எழுந்து போய், தட்டில் இருந்த தேநீரை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் படைத்ததை அவர் இடையில் எடுத்ததே இல்லை. பேனையைத் திறந்தார். பெயர் என்ற இடத்தில், நவரத்தினம் என்று எழுதினார். அதற்குக் கீழே, இறந்தவருக்கு நீங்கள் யார் என்று கேட்டிருந்தது. பேனை அங்கே வெகுநேரம் நின்றது.

"இதைத் தமிழிலை எழுதலாமோ?"

"ஓம் அங்கிள். நான் மாத்தி எழுதுறன்."

'என்ர மனுசன்' என்று, கடைவரிசைப் பெண்கள் சொல்கிற அதே மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினார். ஆரணி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பொத்த வேண்டிய இடது கை, ஆறிப்போன தேநீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடித்தபடியே இருந்தது.