இடக்கைக்கு ஒரு யூகலேலி

பிள்ளையார் திருவடி என் சொல்லுக்குத் துணையாகுக.

தை மாத வளர்பிறை வெள்ளியன்று மானகிரிப் பட்டறைக்குப் போனேன். பதிகம் பாடும்போது மடியில் வைத்து மீட்ட, சின்ன கிதார் போன்ற, நான்கு தந்தியுள்ள யூகலேலி ஒன்றை எனக்காகச் செய்யச் சொல்லியிருந்தேன். பலாமரத்தில் அதன் உடல் முடிந்திருந்தது. தந்தி தாங்கும் கட்டையை ஒட்டுமுன் ஆசாரி கேட்டார்: "எந்தக் கையால மீட்டுவீக அம்மா? அதுக்குத் தக்கனதான் ஒட்டணும்."

பலாத்தூளின் மணத்தில் எங்கள் வீட்டுத் தம்பூரா நினைவுக்கு வந்தது. வெள்ளிதோறும் அப்பா பதிகம் பாடுவார். எட்டு வயதில் மீட்டும் பணி எனக்கு வாய்த்தது. என் இடக்கைதான் தந்திக்குப் போகும். அப்பாவின் அக்காவான அயித்தை, அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டினார்.

"நொட்டாங்கையால சாமி காரியமா? நாளைக்கு மாமியா வீட்டுல என்னையத்தான் ஏசுவாக."

வலக்கையில் நாதம் விட்டுவிட்டு வந்தது. அடுத்த வாரமும் இப்படியென்றால் வேறு யாராவது மீட்டட்டும் என்றார் அயித்தை. நான் அழுதேன்.

அப்பா தம் அக்காவை எதிர்த்துப் பேசியவரல்லர். மறு வெள்ளியன்று, இடக்கையால் பூவை அள்ளி இறைவன் திருவடியில் இட்டார்.

"என்னடா தம்பி இது கூத்து?"

"வலது கை வலிக்குதுக்கா. சாமி வேணாம்னா சொல்லப் போறாரு?"

அயித்தை அவரையே பார்த்திருந்தார். பிறகு என் அருகில் அமர்ந்து, அன்றும் என் கையில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தார். "மீட்டு. நடுவுல நின்னுச்சுன்னா இருக்கு ஒனக்கு."

ஆசாரியிடம் இடக்கை என்றேன். அவர் கட்டையைத் திருப்பி வைத்து ஒட்டினார்.

இதைப் படிக்கும் அனைவருக்கும், அவரவரை அவரவராகவே ஏற்கும் உறவு ஒன்றேனும் வாய்க்கட்டும், நலமே வாழ்க.