நீவெஸ் சேசிஸ் வாங்கினாள்

நீவெஸ் தொனோலி இத்தாலியில் எங்கள் ஊர் அமரர் ஊர்தியின் ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைக் கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறாள். அவள் ஓட்டினால் பெட்டியின் மேல் வைத்த பூ ஒன்றுகூட நகராது. போன வருடம், நாற்பத்தொன்பதாவது வயதில், தங்கை மகளின் பிறந்தநாளுக்காக சின்னப் பந்தய வண்டிகள் ஓடும் எங்கள் கோ-கார்ட் தடத்துக்கு வந்தாள். வாடகை வண்டியில் ஏறினாள். பத்து நிமிடம் முடிந்ததும் கொடியசைத்தோம். இறங்கவில்லை. மூன்று முறை அசைத்தோம். கடைசியில் நான் தடத்தோரமாக நின்று இரண்டு கையையும் விரித்துக் கத்திய பிறகுதான் வேகம் குறைத்தாள்.

"நேரம் ஆயிடுச்சுன்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது," என்றாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

அடுத்த மாதமே சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட்டாள். விற்றவன் ரொட்டிக்கடை எஜிதியோ. எட்டு வருடமாக எங்கள் தடத்தில் ஓட்டுகிறவன்; ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வராதவன்; ஆனால் முதல் மூன்றுக்குள் வருவது எப்படி என்று யாருக்கும் வகுப்பெடுப்பான். தான் ஓட்டித் தேய்த்த வண்டியை "இது தங்கம்" என்று சொல்லி அவள் தலையில் கட்டினான்.

தங்கம் பதினோரு மாதம் தாங்கியது. பிப்ரவரிக் கடைசி ஞாயிறு, போட்டிப் பருவத்துக்கு முந்தைய பரிசோதனையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தவன் நான். அதுதான் என் வேலை. பின்சக்கர ஆக்ஸிலைத் தாங்கும் இடத்தில், வெல்டிங் ஓரமாக, மயிரிழை போல ஒரு விரிசல். துணியால் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு இல்லை, விரிசல்தான். குழாயைச் சுற்றிப் பாதி தூரம் ஓடியிருந்தது.

எழுந்து நின்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"போயிடுச்சா?" என்றாள்.

"ஆமா."

"அதுக்கு ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கே? நேரா சொல்லு. எனக்கு இது தொழில்."

எஜிதியோ ஓடிவந்தான். "நான் ஓட்டினப்போ உடையலையே!"

"நீ எங்க ஓட்டினே? உக்காந்துட்டு இருந்தே," என்றாள் நீவெஸ்.

புது சேசிஸ், அதாவது வண்டியின் குழாய்ச் சட்டம், வாங்கியே ஆகவேண்டும் என்று ஆனதும் தடத்துக் காப்பிக்கடையில் அவளுக்கு நிம்மதி போயிற்று. எங்கள் பக்கத்தில் கால்பந்து பற்றிக் கருத்தில்லாதவன் இருக்கலாம், சேசிஸ் பற்றிக் கருத்தில்லாதவன் கிடையாது. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பட்டறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி. தடித்த குழாய் என்பான் ஒருவன், மெல்லிய குழாய் என்பான் இன்னொருவன். உலகப் போட்டியில் ஜெயித்ததைத்தான் வாங்கவேண்டும் என்று எஜிதியோ கண்ணை உருட்டினான். நீவெஸ் ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, எழுதினதில் பாதி மீதிப் பாதிக்கு நேரெதிராக இருக்கிறது என்று என்னிடம் காட்டினாள்.

முதலில் எஜிதியோ சொன்ன பெரிய விற்பனையாளர் பரோசியிடம் மூன்று பேருமாகப் போனோம். பளபளவென்ற கூடம், கோப்பைகள், இத்தாலிக் கொடி. பரோசி சேசிஸைத் தடவிக்கொடுத்தபடியே பேசினார். "சிஞோரா, இது தடித்த குழாய். இரும்பு மாதிரி நிக்கும். பெரிய போட்டியில எல்லாம் இதுதான்."

"ஞாயித்துக்கிழமை காலையில ஏதாவது ஒரு பாகம் வளைஞ்சா தடத்துல கிடைக்குமா?"

"ஆர்டர் போட்டா மூணே நாள்."

"என் வாடிக்கையாளருங்க மூணு நாள் காத்திருப்பாங்க, சிஞோர் பரோசி. நான் மாட்டேன்."

பரோசி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். ஆனால் ஓட்டிப் பார்க்க வண்டி தருவதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்து ஒரியெல்லா. சோளக்கொல்லைகளுக்கு நடுவில், பழைய மாட்டுக்கொட்டகையில் தனியாக வெல்டிங் செய்கிறவள். வருடத்துக்கு முப்பது சேசிஸ்தான் அவளால் முடியும். நாங்கள் போனபோது குழாய் தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீவெஸை ஒரு வெறும் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, நாடாவை எடுத்து இடுப்பை அளந்தாள், தோளை அளந்தாள், முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தாள்.

"பெட்டிக்கு நானும் இப்படித்தான் அளவெடுப்பேன்," என்றாள் நீவெஸ்.

"உங்க ஆளுங்க நெளிய மாட்டாங்க. நீங்க நெளியறீங்க. அசையாம இருங்க."

சீட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். ஒரு விரற்கடை பின்னால், அரை விரற்கடை கீழே. பிறகு நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு வைத்து எடை பார்த்தாள். எஜிதியோ கொட்டாவி விட்டான். ஒரியெல்லா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சேசிஸ்ங்கறது வளையணும். வளைஞ்சு, திருப்பத்துல உள்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடணும். இல்லேன்னா வண்டி திரும்பாது, இழுக்கும். எவ்வளவு வளையணும்ங்கறது ஓட்டறவங்க கையைப் பொறுத்தது. உங்க கையைப் பாத்தா மெதுவான கை," என்றாள்.

"மெதுவாமே!" என்று எஜிதியோ தொடையைத் தட்டினான்.

புதன்கிழமை நீவெஸுக்கு விடுமுறை. ஊரில் யாரும் சாகவில்லை. காலையில் பனி விலகி, தடம் இன்னும் சில்லென்று வழுக்கிக்கொண்டிருந்தது. நிறுத்துக்கடிகாரம் என் கையில். முதலில் பரோசியின் வண்டி. மூன்றாவது சுற்றில் ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு வினாடி! அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகம் போனதில்லை. எஜிதியோ வேலிமேல் ஏறிக் கத்தினான். ஆனால் அடுத்த சுற்று ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு, அதற்கடுத்தது அறுபதுக்கு மேல். பின்பக்கம் வழுக்கி வழுக்கி ஓடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. இறங்கியபோது விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மதியத்துக்கு முன்பு ஒரியெல்லாவின் வண்டி. முதல் இரண்டு சுற்று பார்க்கவே பரிதாபம். "வெந்து குழைஞ்ச பாஸ்தா!" என்றான் எஜிதியோ. மூன்றாவது, ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. நாலாவது, ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு. பிறகு ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது. கடிகாரம் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். பதினான்கு சுற்று அப்படியே போனாள்.

"ஆனா அந்த அம்பத்தெட்டு புள்ளி நாலு!" எஜிதியோ விடவில்லை. "அதை மறந்துடாதே நீவெஸ். பழகினா தினமும் அது வரும்."

அவளுக்கும் அந்த எண் மேல் ஆசை இருந்தது. மறைக்கவில்லை. நோட்டில் அதை மட்டும் இரண்டு முறை வட்டமிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு அடக்கம் முடிந்து, கறுப்புக் கோட்டோடு நேராக என் கொட்டகைக்கு வந்து டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், எஜிதியோகிட்ட சொல்லாதே. அந்த எட்டு புள்ளி நாலுல, கடைசிக்கு முந்தின திருப்பத்துல, நான் கண்ணை மூடிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"திருப்பம் முடியற வரைக்கும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், விலா வலிக்க வலிக்க. அதோடு முடிவாயிற்று: ஒரியெல்லாவின் சேசிஸ்தான்.

ஆனால் ஒரியெல்லாவிடம் போனால் அவள் கையை விரித்தாள். ஜூன் வரைக்கும் எல்லாம் முன்பதிவு. போட்டிப் பருவமோ ஏப்ரலில் தொடங்குகிறது. ஓட்டிப்பார்க்கும் வண்டியைத் தரமாட்டாள். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க எடுத்துக்க மாட்டீங்க," என்று மூலையில் கிடந்த போர்வையை விலக்கினாள்.

ஊதா நிறம். சும்மா ஊதா இல்லை, தவக்காலத்தில் பாதிரியார் போடுகிற அங்கியின் ஊதா. ஃபிளாரன்ஸ் கால்பந்து அணிப் பைத்தியம் ஒருவன் தன் அணியின் நிறத்தில் செய்யச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாமென்று போயிருந்தான். எங்கள் நாட்டில் ஊதா ராசியில்லாத நிறம். கெட்டது அண்டாமலிருக்க இரும்பைத் தொடவேண்டும் என்பதால் எஜிதியோ அவசரமாகப் பக்கத்திலிருந்த இரும்பு மேசைக் காலைத் தொட்டுக்கொண்டான்.

"அமரர் ஊர்தி ஓட்டறவ, ஊதா வண்டி! எங்களை என்னன்னு நினைச்சே?"

நீவெஸ் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வெல்டிங்கை உற்றுப் பார்த்தாள். "பெயின்ட் வளையுமா?" என்று ஒரியெல்லாவிடம் கேட்டாள்.

"சேசிஸ் எவ்வளவு வளையுமோ அவ்வளவு."

"அப்போ எடுத்துக்கறேன்."

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, நாற்பது தாண்டியவர்களுக்கான பிரிவில் இருபத்திரண்டு வண்டி. தகுதிச் சுற்றில் நீவெஸுக்குப் பதினைந்தாவது இடம். ஓட்டுநர்கள் வரிசையாக வந்து அவள் வண்டியைப் பார்த்துவிட்டு, ஏதாவது இரும்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அவள் எல்லாருக்கும் மரியாதையாகத் தலையசைத்தாள், வேலையில் செய்வது போலவே.

கொடி விழுந்தது. எங்கள் தடத்து முதல் திருப்பத்தில் எப்போதும் தள்ளுமுள்ளுதான். நாலைந்து பேர் புல்லுக்குள் போவார்கள். அன்றும் போனார்கள். ஆனால் ஊதா வண்டியை மட்டும் யாரும் இடிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்தவன் ஒரு கை அளவு தள்ளியே வந்தான். அவள் தன் பாட்டுக்கு, ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு, ஒன்பது, எட்டு என்று போய்க்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். எஜிதியோ ஆறு சுற்று அவள் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு இடத்தில் நல்ல வழி கிடைத்தும் முந்தவில்லை.

நீவெஸ் ஏழாவது. எஜிதியோ எட்டாவது.

வண்டியை நிறுத்தியதும் அவன் நேராக என்னிடம் வந்தான். "புகார் எழுதணும். அந்த நிறம் நியாயமில்லை."

விதிப்புத்தகத்தை எடுத்து, சேசிஸ் பக்கத்தை அவனுக்கு முன்னாலேயே படித்தேன். நீளம், அகலம், குழாய், எடை. நிறத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

"ரெண்டு தடவை வழி இருந்துதே, ஏன் முந்தலை?" என்று கேட்டேன்.

"என்னய்யா கேக்கறே? அமரர் ஊர்தியை எவனாவது முந்துவானா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலை."

அதற்குள் நீவெஸ் வந்து, வியர்வையோடு அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஏழாவது இடத்துக்குக் கோப்பை கிடையாது. மதியம் கம்பியில் வாட்டிய ஸ்பியேதோ கறிக்கும் பொலெந்தா சோளக்களிக்கும் எல்லாருமாக உட்கார்ந்தோம்; ஒரியெல்லாவும் வந்து, தட்டைத் தள்ளிவிட்டு, நீவெஸின் முன் டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பற்றியே பேசினாள்.

மே மாதப் போட்டியில் அவள் இரண்டாவது சுற்றிலேயே, யாரும் தொடாமல், தானாகச் சுழன்று புல்லுக்குள் போனாள். இறங்கி, நடந்து என்னிடம் வந்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"பிரேக்கை எங்க அமுக்கியிருக்கணும்?" என்று கேட்டாள். நான் கை நீட்டிக் காட்டினேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.