பூக் கட்டிப் பார்த்த இஞ்சின்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். தீவில், ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் பிளாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். ஒப்பந்த வேலை. கேமரா எடுக்கும் படத்தைப் பார்த்துப் பழுதான போத்தல் மூடிகளை ஒதுக்கும் நிரல் அவளுடையது. அது மெதுவாக ஓடுகிறது, சரிசெய்தால்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் எழுதும் மொழி ஒன்றுதான். அதை ஓட்டுவதற்கு இரண்டு இஞ்சின் இருக்கிறதாம். பழையது ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பார்த்துச் செய்யும். மற்றது, திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கவனித்து, மெஷினுக்கு நேராகப் புரிகிற மாதிரி தயாராக வைத்துக்கொள்ளும். எழுதியதில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம்.

"அப்புறம் என்ன, வேகமானதையே போட்டுடு லா," என்றேன்.

"கேமரா கூடப் பேசுற துண்டு வேற ஆளு எழுதினதும்மா. பழசுக்குன்னே செஞ்சது. புதுசுலயும் ஓடும், ஆனா எப்படி ஓடும்னு தெரியல."

ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை நான்தான் பூக் கட்டிப் பார்க்கலாம் என்றேன். பழையதற்கு மல்லிகை, வேகமானதற்குச் சிவப்பு அரளி. வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்துக் கட்டி சாமி படத்தின் முன் போட்டேன்.

"இஞ்சினுக்கெல்லாமா பூக் கட்டுவாங்க? ஆபீஸ்ல கேட்டா சிரிப்பாங்கம்மா," என்று அவளும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தாள். அரளி.

"திங்கக்கிழமை கேமராவோட ஒருதடவ ஓட்டிப் பாத்துட்டு மாத்துறேன்," என்றாள்.

"பூ குடுத்த பெறகு சோதிச்சா சாமிய நம்பலேன்னு ஆயிடும்டி."

அந்தப் பயம் அவளுக்கும் உண்டு. கேமரா முன்பு எடுத்த மூடிப் படங்களை வைத்து வீட்டிலேயே ஓட்டிப் பார்த்ததோடு விட்டுவிட்டாள். அதில் நிரல் பறந்தது.

திங்கட்கிழமை கேமராவோடு சேர்த்ததும், அந்தத் துண்டைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் புது இஞ்சின் திணறியிருக்கிறது. முன்பைவிட மெதுவாகி, மூடிகள் குவிந்து, லைனையே நிறுத்திவிட்டார்களாம். அன்று சாயங்காலமே பழைய இஞ்சினுக்கு மாற்றிவிட்டாள். ஆனாலும் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டாள். கூப்பிடும் ஒன்றிரண்டு பேரும் அங்கிருந்து ஏன் நின்றீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இப்போது எழுதிப் போடுவதையும் குறைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளிடம் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வருவதில்லை.

இஞ்சின்களைப் பற்றி இங்கே எழுதியதெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். கேமராவோடு ஒரே ஒரு தடவை முன்கூட்டி ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தத் திணறல் தெரிந்திருக்குமா என்பதையும்.