பெயரில்லாத பதக்கம்

பக்கத்து வீட்டாரின் முதலாம் உலகப்போர்ப் பதக்க விளிம்பில் அவர் பெயர் பொறித்திருந்ததைக் கண்டதுமே, எங்கள் பள்ளி மாணவர் படையை நடத்தும் நாவற்குடாக் கப்டனைப் பழிவாங்கும் வழி தெரிந்தது. சப்பாத்து மினுங்கவில்லையென்று என்னை அந்தக் கடெற் அணியிலிருந்து எல்லோர் முன்னும் விரட்டியவர் அவர். பர்மாப் போரில் காலாட்படையை வழிநடத்தியதற்குக் கிடைத்த சிலுவைப் பதக்கத்தைப் பள்ளிக் கண்காட்சியில் வைத்திருந்தார். அதைப் புரட்டிப் பார்த்தேன், உண்மைப் பதக்கத்தில் இருக்கவேண்டிய பெயரில்லை.

"டேய், இது கடையில வாங்கின பதக்கம்டா!" என்று கூட்டாளிகளைப் பார்த்து, மண்டபமே திரும்பக் கத்தினேன்.

அங்கேயே நின்ற கப்டன் கோபிக்கவில்லை. "இந்தப் பதக்கத்தில பேர் வெட்டுறல்ல மனே. வெட்டுறதெண்டா என்ட பேர் மட்டும் காணா, அவங்கட பேரும் வேணும்" என்றவர், பர்மாவில் மாண்ட தன் வீரர் பதினொருவரின் பெயர்களையும் நிறுத்தாமல் சொன்னார்.

கூசிப்போனேன், ஆனால் கோபம் ஆறவில்லை. நாளை அதே மண்டபத்தில் உரக்க மன்னிப்புக் கேட்பேன். பிறகு, அவர் முகம் தெரியுமளவு சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டு அணிவகுப்பில் போய் நிற்பேன். விரட்டட்டும் பார்ப்போம்.