அத்தான் கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர்

களுக், களுக், களுக். சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் மூன்று முறை கேட்டால்தான் இந்த வீட்டில் விருந்தாளிக்குத் தண்ணீர் வரும். எதை எதில் ஊற்றப் போகிறோமோ, அதாலேயே அதை மூன்று முறை அலச வேண்டும் என்பது என் பக்கத்து வீட்டுக்காரியின் தொழில் தர்மம். ஆற்றங்கரையில் சாம்பிள் பாட்டிலுக்குப் பழகிய கை வீட்டில் சும்மா இருப்பதில்லை. ஞாபக மறதியில் காபி டம்ளரைக் காபியாலேயே அலசிக் கொட்டிய நாளும் உண்டு.

அலுவலகத்தில் அவளுக்கு 'உப்பு மேடம்' என்று பெயர். மழை மறந்துபோன இந்தச் சீமையில் ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்பது, நிலத்துக்கடியில் எந்த அழுக்கு எந்தத் தெருவை நோக்கி நகர்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக்குவது அவள் வேலை. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பெரும்பாலும் அதில் மணல் லாரிதான் ஓடுகிறது.

அவள் கைப்பையில் சீப்பு இருக்காது; பேனா போல ஒரு மீட்டர் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அது சொல்லிவிடும். மீட்டிங் நடுவே மேலதிகாரியின் கிளாஸில் அதை முக்கிப் பார்த்து, "பரவால்ல, குடிங்க சார்" என்று அனுமதி கொடுத்தவள் இவள். ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு இடமில்லை. முழுக்க ஆற்றுத் தண்ணீர் பாட்டில்கள். தாகத்தில் ஒருநாள் கணவர் ஒன்றைக் குடித்துவிட்டார். பதறி ஓடிவந்தவள், "ஐயோ, அந்த சாம்பிளுக்கு இனிமே நான் எங்க போவேன்?" என்று கண்கலங்கினாள். மனிதர் பிழைத்துக்கொண்டார். மனசுதான் இன்னும் தேறவில்லை.

அன்று நான் போனபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அக்காள் கணவர். அக்காளுக்குக் கைக்குழந்தை, புட்டிப்பால்தான். அதை அத்தான் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கலக்குகிறார்கள். மேடம் வரைந்த படத்திலோ அந்தத் தெரு முழுக்கச் சிவப்பு. கழிவுக்குழிகளிலிருந்து நைட்ரேட் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் தாங்குவார்கள், பச்சைக் குழந்தையின் ரத்தம் தாங்காது, உடம்பு நீலம் பாய்ந்துவிடும். போனில் சண்டை போட்டாள், அழுதும் பார்த்தாள். அத்தான் மசியவில்லை. அவரே கூட நின்று வெட்டிய கிணறு. அதைக் குறை சொன்னால் அவரைப் பெற்றவளைக் குறை சொன்ன மாதிரி.

"கொதிக்க வெச்சுத்தானே குடுக்கறோம்" என்றார் இப்போதும்.

"கொதிச்சா கிருமி சாகும் அத்தான். நைட்ரேட் சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும்தான் ஏறும்."

அவர் ராஜகம்பீரமாகப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். "நம்ம கிணத்துத் தண்ணி. உன் மிஷினையே கேட்டுக்கோ."

அவள் ஒரு கிளாஸை மூன்று முறை அலசி, கொஞ்சம் ஊற்றி, மீட்டரை முக்கினாள். நைட்ரேட்டும் ஒரு வகை உப்புதான்; இருந்தால் எண் ஏற வேண்டும். ஏறவே இல்லை. இத்தனை நாள் அவள் வடித்த கண்ணீரெல்லாம் வீண்தானா என்று நான் மீட்டரை எட்டிப் பார்த்தேன். அவளோ சிரித்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

அத்தான் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல இவ்வளவு உப்பில்லாத கிணறு எதுவும் கிடையாது அத்தான். ஏமாத்தறதுன்னு ஆன பிறகு ஒரு சிட்டிகை உப்பாவது போட்டுக் கொண்டாந்திருக்கலாம்ல."

நான் சிரித்துவிட்டேன். அத்தானின் காது சிவந்தது. ஆனால் அவள் சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது.

"என்னை ஜெயிக்கணும்னு நல்ல தண்ணிக்குக் கடை வரைக்கும் போனீங்க. புள்ளைக்காக ஒருநாள் போகக் கூடாதா?"

அவர் எழுந்து செருப்பை மாட்டினார், வாசலையும் தாண்டிவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்போடே திரும்பி வந்து, மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடியை இறுகத் திருகினார். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

மேடம் கதவைச் சாத்தினாள். தாழ் போட்ட பிறகும் வெகுநேரம் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.