வனிலாப் பூவும் என் பொய்யும்

இலங்கையில் மாத்தளைப் பக்கம், பலாபத்வலயில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் இருபத்திரண்டு வருடமாக வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டம் சுற்றிக் காட்டுகிறேன். பெயர் அழகுமுத்து. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு என்னைக் காட்டலாம். என் மனைவி பாலாமணிக்கும் அங்கேதான் வேலை. வனிலாவில் காய் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பூவிலும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காலையில் அதை அவள் செய்வாள். அதைப் பற்றி நான் பேசுவேன்.

தோட்டத்துக்கு இரண்டு முறை வந்துபோன நெதர்லாந்துப் பெண் வில்மா, போன வருடம் எங்கள் இருவரையும் ஐரோப்பா சுற்றிப் பார்க்க அழைத்தார். மனைவிக்கு விமானம் என்றால் பயம் என்று பதில் எழுதினேன். வீட்டில், ஒருவருக்குத்தான் அழைப்பு என்றேன். இரண்டும் பொய். இங்கிலீஷ் தெரியாதவளை நாலு பேர் மத்தியில் கூட்டிக்கொண்டு திரிய வெட்கப்பட்டேன். எவ்வளவு கேவலமான மனுஷன் நான்!

தனியாகவே போனேன். வில்மாவோடு மூன்று நாடு பார்த்துவிட்டு அவருடைய ஊருக்கு வந்தோம். நகரச் சந்தையில் கறுவாப்பட்டையைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது, கடைக்காரர் கைதட்டினார். வில்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போய், கண்ணாடி வீட்டுக்குள் வனிலாக் கொடியைக் காட்டினார். மூன்று பூ விரிந்திருந்தது. மாத்தளையிலிருந்து வந்த நிபுணர் என்று அவர் சொல்ல, அங்கிருந்த தோட்டக்காரர்கள் மகரந்தம் சேர்த்துக் காட்டச் சொல்லி என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள்.

முதல் பூவைக் கிழித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் பாலாமணிக்கு வீடியோ கால் போட்டேன்.

"நடுவுல நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்குல்ல, அத மேல தூக்குங்க. இப்ப பெருவிரலால அமுக்குங்க. மெதுவாங்க, மெதுவா!"

சரியாக வந்தது. எல்லோரும் கைதட்ட, வில்மா போனை வாங்கி, அவளுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் பேசினார். விமானத்துக்குப் பயப்பட வேண்டாம், அடுத்த முறை நீங்களும் கட்டாயம் வாருங்கள் என்றார்.

இத்தனை வருடம் வெள்ளைக்காரர் நடுவில் நின்றவளுக்கு அவ்வளவுகூடவா புரியாது? போன் என் கைக்கு வந்ததும் கேட்டாள்: "என்னையும் கூப்பிட்டாங்களா?"

நான் போனைக் கொடியின் பக்கம் திருப்பினேன்.

"இன்னொரு பூ இருக்கு. வாடுறதுக்குள்ள செஞ்சிடுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வீடு வந்து மன்னிப்புக் கேட்டேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சோறு போட்டாள், பிரயாணம் எப்படி என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. இந்த மாதம் வில்மா மறுபடியும் எழுதியிருக்கிறார், இருவரையும் அழைத்து. ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "எனக்குப் பயம்னு எழுதிடுங்க."