அட்டை இல்லாத காடு

கல்யாணமாகிக் கலவான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு தடித்த நாவல் இருந்தது. பெல்மதுளை டவுனில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கொழும்பில் வேலை பார்த்த அண்ணன் வரும்போதெல்லாம் புத்தகம் கொண்டு வருவான். "இத முடிச்சிட்டேன்னா நீ பெரிய ஆளுதான்" என்று சொல்லிக் கொடுத்த புத்தகம் அது.

கதையைச் சொல்வது ஒரு காடு. மனிதர்கள் வருவதற்கு முன்னால் தொடங்கி, மனிதர்கள் எல்லாரும் போன பிறகும் நீளும் கதை. முதல் அத்தியாயம் முழுக்க ஒரு பாறைமேல் மழை பெய்கிறது, அவ்வளவுதான். இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் அந்தப் பாறையைத் தாண்ட முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷினில் வேலை. பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களத்தில் படித்தவர். தமிழ் எங்களைப் போலவே பேசுவார், வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். அதில் அவருக்கு எவ்வளவு வெட்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. சாப்பாடு, ஷிஃப்ட், மழை, இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வராது.

அந்த வருஷ மழைக்காலத்தில், கொழுந்து வாட்டுகிற மாடியிலிருந்து இறங்கும்போது ஈரப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். கூரைத் தகரத்தில் மழை ஓயவே இல்லை. ஒரு மத்தியானம் நான் மூன்றாவது தடவையாகப் புத்தகத்தைத் திறந்ததைப் பார்த்து, "அதுல அப்படி என்னதான் இருக்கு? சத்தமா வாசியேன்" என்றார்.

வாசித்தேன். பாறையும் மழையும் அவருக்குச் சலிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கதை நகரங்கள் பெருகிய காலத்துக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இரு, இரு. மரம் நடக்குதா?"

"ஆமாங்க. ஒரு தலைமுறைக்கு ஒரு அடி."

"அப்ப ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது!" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஃபெக்டரியில் அவரோடு வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர், வேலை முடிந்து போகிற வழியில் பார்க்க வருவார். அவரிடம் இவர் கதையைச் சிங்களத்தில் சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு அந்த மனிதர் குடையை மடக்கும்போதே "ஈட்ட பஸ்ஸே?" என்று கேட்பார், அப்புறம் என்ன ஆச்சு என்று. நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டேன். இவர் சொன்ன காட்டில் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை இருந்தது, மாணிக்கம் தோண்டுகிற குழி இருந்தது, மரங்கள் மலையிறங்கித் தேயிலைக்குள் வந்தன.

நண்பர் போனதும் கோபத்தோடு கேட்டேன்.

"இதெல்லாம் கதையில எங்க இருக்கு?"

"இருக்கணும்ல. அட்டை இல்லாத காடு எங்க இருக்கு?"

"எழுதினவங்க எழுதாம விட்டத நீங்க எப்படி சேக்கலாம்?"

"நீ வாசிக்கும்போது எனக்கு அப்படித்தான் தெரியுது" என்றார். சண்டை அன்று தீரவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் வாசித்தபோது என் கண்ணிலும் அந்தக் காட்டில் அட்டை நெளிந்தது.

கடைசிப் பகுதியில் ஒரு மனிதர்கூட இல்லை. பேச்சே இல்லை. வேரும் காளானும் தண்ணீரும்தான். அவருக்குச் சலிக்கும் என்று பக்கங்களைத் தாண்டப் பார்த்தேன். "விடாம வாசி" என்றார். முடிந்ததும் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார்.

"எல்லாரும் போயிட்டாங்கன்னா, காடு யாருக்குக் கத சொல்லுது?"

"தெரியலங்க" என்றேன். அப்படிச் சொன்னது பாரமாக இல்லை.

அன்று நண்பருக்கு முடிவைச் சொன்னபோது இவர் எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவுமில்லை. அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கேட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கட்டுப் பிரித்து இவர் மறுபடி வேலைக்குப் போன மாதத்தில், கலவான டவுனிலிருந்து ஒரு சிங்களப் புத்தகம் வாங்கி வந்தார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. "இந்தத் தடவ நான்" என்று எதிரே உட்கார்ந்தார். அது ஒரு துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல், முடியும்வரை கேட்டேன்.